நான்கடி

சமையல் மேசையில் மூன்று கேமராக்கள்.
ரீனோவில் மணி பதினொன்றரை.
விடிந்தால் பாலைக்குப் புறப்பட வேண்டும்.
எழுபது லிட்டர் தண்ணீர் வண்டியில் ஏறிவிட்டது,
புழுதி தின்ற காலைக் கழுவ வினிகர்,
நான்கு சுருள் டேப்.
கூடாரம்கூடத் தயார்.
நான்தான் இன்னும் இல்லை.

முதலாவது புதிது.
பதினான்கு தவணை பாக்கி.
இருட்டில் எறும்பின் மீசையைக்கூட எடுக்கும் என்றான் விற்றவன்.
உறையை விட்டு எடுக்கவே கை கூசுகிறது,
அங்கே எப்படிக் கொண்டுபோவேன்?
அங்கே கிடப்பது மணல் இல்லை.
வற்றிய ஏரியின் அடிவண்டல்,
சுண்ணாம்பு வெள்ளை, மாவை விட நைசு.
மூடிய பெட்டிக்குள் போகும், மூடிய வாய்க்குள் போகும்.
கண்ணில் மண்ணைத் தூவுவதென்று ஒரு பேச்சு உண்டே,
அதையே தொழிலாகச் செய்யும் பூமி.

சூதாட்ட விடுதியில் இயந்திரம் பழுதுபார்ப்பவள் நான்.
செர்ரியும் மணியும் ஏழும் சுழலும் உருளைகளுக்குள்
பத்து வருஷமாக விரல் விட்டிருக்கிறேன்.
எது எப்போது சிக்கும் என்பது
எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்,

போன வருஷம் வரை.

அர்லீன் கோய்கோசியா
எட்டு மாதம் ஆணியடித்து எழுப்பிய நாரை அது.
முப்பதடி.
உடம்புக்குப் பழைய ஆட்டுப்பட்டிகளின் பலகை,
கழுத்துக்கு அவள் சித்தப்பாவின் ஓட்டைப் படகு.
சனிக்கிழமை இரவு கொளுத்துவார்கள்.
"விழும்போது ஒரு படம், ஒன்றே ஒன்று" என்றாள்.
"வேறெதுவும் வேண்டாம் எனக்கு."

தீ கழுத்துக்கு ஏறிற்று.
அத்தனை கூட்டமும் பேச்சை நிறுத்திற்று.
நாரை ஒருக்களித்துச் சாயத் தொடங்கிய நொடியில்
என் ஷட்டர்
தூக்கக் கலக்கத்து இமை மாதிரி
பாதியில் நின்றது.
தட்டினேன். ஊதினேன். கெட்ட வார்த்தை சொன்னேன்.
திருப்பிப் பிடித்து லென்ஸுக்குள் எட்டிப் பார்த்தேன்.
நிமிர்ந்தபோது எல்லாம் கரி.

அர்லீன் திட்டவில்லை.
"சரி, விடு" என்றாள்.
திட்டியிருக்கலாம்.

மேசையில் இரண்டாவதாக இருப்பது அதுதான்.
செத்துப்போச்சு என்று டிராயரில் போட்டது.
இன்றைக்கு என்னவோ தோன்றி, சார்ஜ் ஏற்றிப் பார்த்தேன்.
உள்ளே மண் அரைபடும் சத்தம்.
பிறகு திரையில் வெளிச்சம்,
கடைசிப் படம்:

நான்.

திருப்பிப் பிடித்தபோது தானாக அடித்திருக்கிறது.
காதுவரை வெள்ளைப் பொடி,
வசவின் நடுவே அகப்பட்டுத் திறந்த வாய்.
கண்ணை மூடிய புழுதிக் கண்ணாடியில்
இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று,
நகத்தளவு இரண்டு நாரைகள்
விழுந்துகொண்டிருந்தன.

பத்து வினாடி இருக்கும். அணைந்துவிட்டது.
கார்டை உருவிச் சட்டைப்பையில் போட்டேன்.
போனில் அனுப்புவதில்லை இதை.
கையில்தான் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, பெட்ரோல் பங்கில் வாங்கிய அட்டைக் கேமரா.
பதினெட்டு டாலர், இருபத்தேழு படம்.
புழுதி குடித்தால் குடிக்கட்டும், ஒரு வாரம்தானே அதற்கும் ஆயுசு.
நான்கடிக்குள் வந்தால் முகம் மங்கும் என்று
முதுகில் அச்சடித்திருக்கிறது.

இந்த வருஷம் அவள் செய்திருப்பது கோவேறு கழுதை.
காது இரண்டும் ஆடுமாம்.
அதற்கும் ஒரு படம் கேட்டாள்,
தயங்கித் தயங்கி,
கேட்காதது மாதிரி கேட்டாள்.

அட்டையையே எடுத்துக்கொள்கிறேன்.
இருபத்தாறு படம்,
எடுக்கலாமா என்று கேட்டு, சரி என்பவர்களுக்கு.
மிச்சம் ஒன்று.
கழுதை சாய்வதை நான் பார்க்கப்போவதில்லை.
நெருப்புக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு
அர்லீனுக்கு எதிரே நிற்பேன்,
அளந்து, நான்கடியில்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள் என்று மட்டும்
முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.